0.57 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு இப்போது புள்ளியியல் மரபியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். நான் செய்யப்போவது ஜீவாஸ், அதாவது லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தரவை மொத்தமாக அலசுகிற ஆய்வு. ஆனால் முதல் பருவம் முழுக்க மெண்டல், பட்டாணி, வம்சாவளிப் படம், ஒடுங்கு பண்பு என்றே போகிறது. போன வாரம் ஒரு பயிற்சி. பெற்றோர் இருவரும் ஒரு ஒடுங்கு நோயின் கடத்திகள், அதாவது பழுதான மரபணுப் படி இரண்டு சேர்ந்தால்தான் வரும் நோய்க்கு ஒரு படியை மட்டும் சுமந்து, தாங்கள் நலமாக இருப்பவர்கள். வீட்டுக்கு இரண்டு குழந்தைகள். இப்படிப்பட்ட குடும்பங்களைக் கணினியில் உருவாக்கி, ஒரு குழந்தைக்காவது நோய் உள்ள குடும்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நோயுள்ள குழந்தைகளின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 0.25 வரும் என்று இருந்தேன், 0.57 வருகிறது. இரண்டு நாளாக நிரலில் பிழை தேடுகிறேன். பள்ளியில் படித்த பாடத்திலேயே தடுமாறுகிறோமே என்று இருக்கிறது. இதற்கு இவ்வளவு நேரம் செலவிடத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நிரலில் பிழை இல்லை. 0.57தான் சரியான விடை. இரண்டு நாள் தேடினீர்களே, அது வீண் போகவில்லை, அந்தப் பயிற்சி அதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது.

கணினியை மூடிவிட்டு ஒரு தாளில் 16 குடும்பங்களை எழுதுங்கள். ஒரு குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால், சராசரியாக 9 குடும்பங்களில் இரண்டு குழந்தைகளும் நலமாக இருப்பார்கள், 6 குடும்பங்களில் ஒருவருக்கு நோய் இருக்கும், ஒரே ஒரு குடும்பத்தில் இருவருக்கும் இருக்கும். மொத்தம் 32 குழந்தைகள், நோய் உள்ளவர்கள் 8 பேர், கால் பங்கு, சரி. இப்போது அந்த 9 குடும்பங்களை அடித்துவிடுங்கள். மிச்சம் 7 குடும்பம், 14 குழந்தைகள், நோய் உள்ளவர்கள் அதே 8 பேர். எட்டைப் பதினாலால் வகுத்துப் பாருங்கள்.

அடித்துவிட்ட அந்த 9 குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தாங்கள் கடத்திகள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள், மருத்துவரிடம் போக ஒரு காரணமும் இல்லை, அதனால் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை. நம் கைக்கு வருவது நோய் வாசல்வரை வந்துவிட்ட குடும்பங்களின் தரவு மட்டும்தான். இதைக் கவனிக்காமல் கணக்குப் போடுகிறவர் இது ஒடுங்கு பண்பே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார், அவருடைய கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இருக்காது.

இதற்கு ஒரு வழியை 1912-இலேயே வைன்பெர்க் சொல்லிவிட்டார். மக்கள்தொகையில் மரபணு வகைகளின் விகிதத்தைச் சொல்லும் ஹார்டி-வைன்பெர்க் விதியில் வருகிற அதே வைன்பெர்க்தான், தொழிலால் மருத்துவர். குடும்பத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த குழந்தையை எண்ணாதே, அதன் உடன்பிறப்புகளை மட்டும் எண்ணு என்பது அவர் வழி. உங்கள் 7 குடும்பங்களிலேயே செய்து பாருங்கள். 6 குடும்பங்களில் உடன்பிறப்பு நலம். ஏழாவதில் இருவருக்குமே நோய், இருவரையும் தனித்தனியே தொடக்கமாக வைத்தால் நோயுள்ள உடன்பிறப்புகள் 2. ஆக 8-க்கு 2, கால் பங்கு திரும்பி வந்துவிட்டது! முதன்முதலில் இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

சரி, மெண்டல் எதற்கு என்று கேட்கிறீர்கள். மெண்டலியப் பண்புகளில் சரியான விடை நமக்கு முன்கூட்டியே தெரியும், அதற்காகத்தான். கால் பங்கு வரவேண்டும் என்று தெரிந்ததால்தான் 0.57-ஐப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்கு ஜீவாஸில் ஒரு எண் வரும்போது அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். தரவு எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று கேட்கும் பழக்கத்தை, விடை தெரிந்த இடத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

மெண்டலின் சொந்தத் தரவிலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. பூவின் நிறம் போன்ற பண்புகளில், ஓங்கு பண்பு காட்டும் செடி தூயதா (இரண்டு படிகளும் ஓங்கு), கலப்பா (ஒன்று ஓங்கு, ஒன்று ஒடுங்கு) என்று பார்த்தால் தெரியாது. அதனால் அவர் ஒவ்வொரு செடியிலிருந்தும் 10 விதைகளை விதைத்து, பத்தும் ஓங்கு பண்பையே காட்டினால் அதைத் தூயது என்று வைத்தார். ஆனால் கலப்புச் செடிக்கும் தற்செயலாகப் பத்தும் அப்படியே அமையலாம். 0.75-ஐப் பத்து முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.056 வரும். இதை 1936-இல் எடுத்துச் சொன்னவர் புள்ளியியலாளர் ஃபிஷர். 600 செடிகளில் தூயவை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200. மீதி 400 கலப்புச் செடிகளிலும் சில தூயவைபோல் தெரியும் என்பதால் 222 அல்லது 223 என்று தோன்றியிருக்க வேண்டும், மெண்டல் எழுதியதோ 201. இதை வைத்து மெண்டல் நேர்மையானவரா என்று பல காலமாக விவாதிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பத்து. எத்தனை விதை விதைக்கிறோம் என்பதே எதிர்பார்க்க வேண்டிய விகிதத்தை மாற்றிவிடுகிறது.

இது பட்டாணியோடு முடிந்துவிடவில்லை. பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு உள்ள பெண்களுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் என்றுதான் முதலில் மதிப்பிட்டார்கள். அந்த ஆய்வுகளுக்குக் கிடைத்தவை, பலருக்குப் புற்றுநோய் வந்திருந்த குடும்பங்கள். குடும்ப வரலாறு பார்க்காமல் சேர்த்த நோயாளிகளின் உறவினர்களை வைத்து 2003-இல் கணக்கிட்டபோது 65 அளவுக்கு இறங்கியது. ஒரு பெண் அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இந்த எண்ணைக் கேட்டுத்தான்.

உங்கள் ஜீவாஸ் தரவும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் மரபணு, உடல்நலத் தரவைச் சேர்த்த யுகே பயோபேங்க் அழைத்தவர்களில் 5.5 விழுக்காடு பேர்தான் வந்தார்கள், வந்தவர்கள் சராசரி மக்களைவிட உடல்நலம் உள்ளவர்கள், புகைப்பழக்கம் குறைந்தவர்கள். அங்கேயும் ஒன்பது குடும்பங்கள் வெளியே நிற்கின்றன, இந்த முறை வேறு காரணத்துக்காக.

அப்புறம், நேரம் கிடைத்தால் ஃபிஷரின் 1918 கட்டுரையைப் பொறுமையாகப் படியுங்கள். உயரம் போன்ற தொடர்ச்சியான பண்புகளும் பல மெண்டலியக் காரணிகளின் கூட்டாக இருக்க முடியும் என்று காட்டியது அதுதான். கணிதம் படித்த உங்களுக்கு அது பிடிக்கும், ஆனால் ஒரே மூச்சில் படிக்க முடியாது.

இப்போது அதே நிரலில் ஒரு வரியை மாற்றுங்கள். நோயுள்ள ஒவ்வொரு குழந்தையும் மருத்துவமனைக்கு வந்து சேரும் வாய்ப்பை மிகச் சிறியதாக, நூற்றில் ஒன்று என்று வையுங்கள். யாராவது ஒரு குழந்தை வந்து சேர்ந்த குடும்பங்களை மட்டும் எண்ணுங்கள். 0.57 வராது, விகிதம் 0.625-ஐ ஒட்டி நிற்கும். 16 குடும்பத் தாளை எடுத்து, அந்த ஏழாவது குடும்பம் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிடிபட்டதும் எழுதுங்கள்.