மிஞ்சும் இரண்டு விடைகளில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இங்கேயே பட்டப்படிப்பையும் முடித்தவள் நான். கனடாவில் சட்டம் படிக்க எல்சாட் தேர்வுக்குத் தயாராகிறேன். தர்க்க வினாக்களில் ஐந்து விடைகளுள் மூன்றை உடனே தள்ளிவிட முடிகிறது. மிஞ்சும் இரண்டில் பெரும்பாலும் தவறானதையே தேர்கிறேன். என் ஆங்கிலம் போதவில்லையா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புச் சகோதரி, ஆங்கிலம் போதாதவரால் மூன்று விடைகளை அவ்வளவு எளிதாகத் தள்ளியிருக்க முடியாது. வாதத்தில் சொல்லப்படாத, ஆனால் நமக்குத் தெரிந்த செய்தியை நாமே அதில் சேர்த்துவிடுவதுதான் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில் காலை வாருகிறது.

நம் ஊர்ச் செய்தி ஒன்றையே வாதமாக வைத்துப் பார்ப்போம். ‘தோட்டத்தில் மாலை வகுப்பு தொடங்கிய ஆண்டில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தேர்ச்சி உயர்ந்தது, ஆகவே, மாலை வகுப்பே அதற்குக் காரணம்.’ இந்த வாதம் நிற்பதற்கு இன்றியமையாத எடுகோள், அதாவது சொல்லாமலே உண்மையென்று வைத்துக்கொண்ட கருத்து, எது என்பது வினா. ‘மாலை வகுப்பு ஆசிரியர்கள் அனுபவம் மிக்கவர்கள்’ என்பது ஒரு விடை. ‘தேர்ச்சி பெற்றவர்களில் சிலராவது மாலை வகுப்புக்குச் சென்றவர்கள்’ என்பது மற்றொன்று. நல்லாசிரியர்களால் முன்னேறிய பிள்ளைகளைக் கண்டு வளர்ந்த நம் மனம் முதல் விடையின் பக்கமே சாயும். இரண்டையும் மறுத்துப் பாருங்கள். ஆசிரியர்களுக்கு அனுபவம் இல்லையென்றாலும் வகுப்பு பயன் தந்திருக்கலாம், வாதம் பிழைத்துக்கொள்ளும். தேர்ச்சி பெற்றவர்களில் ஒருவர்கூட அந்த வகுப்புக்குப் போகவில்லை என்றாலோ வாதம் சரிந்துவிடும். எனவே, சாதாரணமாகத் தோன்றும் இரண்டாவது விடையே சரி. இந்த மறுப்புச் சோதனை இன்றியமையாத எடுகோளைக் கேட்கும் வினாக்களுக்கு மட்டுமே உரியது. வாதத்தை வலுப்படுத்தும் கூற்றைக் கேட்கும் வினாவில் இதைப் பயன்படுத்தினால் வழி தவறிவிடுவீர்கள்.

நிபந்தனை வாக்கியங்களிலும் இதே கவனம் வேண்டும். காலையில் மழை பெய்தால் ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை என்பதை வைத்து, பால்வெட்டு இல்லாத நாளிலெல்லாம் மழை பெய்தது என்று முடிவு கட்ட முடியாது. அன்று பொது விடுமுறையாகவும் இருக்கலாம். பால்வெட்டு நடந்தது என்றால் மழை பெய்யவில்லை என்பது மட்டுமே உறுதி.

2024 ஆகஸ்டு முதல் எல்சாட்டில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண் தரும் மூன்று பகுதிகளுள் இரண்டு தர்க்கத்திற்கே ஒதுக்கப்பட்டுள்ளன. பகுதி ஒன்றுக்கு 35 நிமிடங்கள். வினாக்கள் ஏறத்தாழ 25. நேரம் இறுக்கமானதுதான். ஆனாலும், பயிற்சியின் தொடக்கத்தில் கடிகாரத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன். ஒவ்வொரு வினாவிலும் முடிவு எது, அதற்குத் தரப்பட்ட காரணம் எது, இரண்டுக்கும் நடுவே விடுபட்டது எது என்று விடைகளைப் பார்க்கும் முன்பே ஒரு வரி எழுதுங்கள். அதைத் தமிழில் எழுதுவதில் தயக்கம் வேண்டாம். வாதத்தின் ஓட்டை எந்த மொழியில் கண்டாலும் ஓட்டைதான். தவறிய வினாக்களை மறுநாள் விடைத்தாளைப் பார்க்காமல் மீண்டும் போட்டு, நீங்கள் விரும்பிய தவறான விடை வாதத்தில் இல்லாத எந்தச் செய்தியை நம்பியிருந்தது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேட்டில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது குறைந்த பிறகு நேரம் வைத்துப் பழகலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், தேர்வு நாளில் எந்த வினாவையும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.