கடைசி ஆட்டம் என்று யாருக்கும் தெரியாமல் முடிந்த ஆட்டம்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் முப்பது, நாற்பது வருஷம் ஒரே இடத்தில் ஹெட் கோச்சாக இருந்தவர்கள் கடைசிக் காலத்தில் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார்கள்? அடுத்தவர் யார் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. தேதியை அந்த மனிதரே தன் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்காதவரை காகிதத்தில் யார் பெயரை எழுதி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. இதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

(இந்த ஆட்டம் நம் ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு பந்தைக் கையில் பிடித்து ஓடுவது. பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச், கவர்னரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறார். அந்த வேலையின் கனம் அப்படி.)

நான் மேற்படிப்புக்காக டல்லஹாசி போனது 2007-இல், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. அங்கே கோச் பாபி பவ்டன். அவர் 1976-இல் வந்தபோது அந்த அணி முந்தைய மூன்று சீசன்களிலும் சேர்த்து ஜெயித்திருந்தது வெறும் 4 ஆட்டங்கள். 1947 வரை பெண்கள் கல்லூரியாக இருந்த இடம், ஃபுட்பாலில் பெரிய பாரம்பரியம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த அணியை அவர் 1987 முதல் 2000 வரை தொடர்ந்து 14 வருஷம் நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் வைத்திருந்தார். 1993-லும் 1999-லும் தேசியப் பட்டம். 2004-இல் மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டி, ஸ்டேடியத்தில் சிலையும் வைத்துவிட்டார்கள், மனிதர் இன்னும் வேலையில் இருக்கும்போதே. சிலை வைத்த ஆளிடம் போய் "போதும் ஐயா, கிளம்புங்கள்" என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் 2001-க்குப் பிறகு அணி சரிய ஆரம்பித்துவிட்டது. அவருடைய மகன் ஜெஃப் ஆஃபென்ஸை, அதாவது பந்தோடு முன்னேறும் தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரசிகர்களின் கோபமெல்லாம் அந்தப் பிள்ளை தலையில் விடிந்து 2006-இல் அவர் விலகினார். அடுத்த வருஷம் ஜிம்போ ஃபிஷர் வந்தார். 2007 டிசம்பரில், பவ்டனுக்கு அப்புறம் இவர்தான் என்று பல்கலைக்கழகம் எழுதியே கொடுத்தது. 2011 ஜனவரிக்குள் அவரை ஹெட் கோச் ஆக்காவிட்டால் அவருக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு.

அந்த நிபந்தனையில்தான் சிக்கலே. கெடு விதித்தது பல்கலைக்கழகம், பவ்டன் ஒரு தேதியும் சொல்லவில்லை. அவர் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்றுதான் இருந்தார். 2009 நவம்பரில் 80 வயது நிறைந்தது, 2010-லும் இருக்க ஆசைப்பட்டார். அதற்கு முந்தைய மாதமே, அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது, அறங்காவலர் குழுத் தலைவர் ஜிம் ஸ்மித் பத்திரிகையிடம் வெளிப்படையாக, இந்த சீசனோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு குடும்பத் தலைவர்கள் இருந்தால் எப்படியோ அப்படி இருந்தது கேம்பஸ். மாணவர்களுக்குள் பேச்சு எல்லாம் பாதி அவர் பக்கம், பாதி இவர் பக்கம். என் அறை நண்பனும் நானும் இதைப் பற்றிப் பேசிப் பேசியே சாப்பாடு ஆறிப்போன இரவுகள் உண்டு.

நவம்பர் 21, மேரிலாண்டுக்கு எதிரான ஆட்டம். நான் மாணவர்கள் பகுதியில் நின்றிருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் ஆசியோலா என்ற செமினோல் பூர்வகுடித் தலைவரின் வேடம் போட்டவர் குதிரையில் பாய்ந்து வந்து எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவில் குத்தினார், கூட்டம் கையைக் கோடாரி போல் வீசிப் பாடியது, எல்லாம் வழக்கம் போலத்தான். 29-26 என்று மூன்றே பாயின்டில் ஜெயித்தோம். பவ்டன் தொப்பியோடு நடந்து உள்ளே போனார். நாங்களும் கலைந்துவிட்டோம். அதுதான் அவர் 34 வருஷம் ஆண்ட மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். அடுத்த வாரம் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஃப்ளோரிடாவிடம் 37-10 தோல்வி, டிசம்பர் 1 அன்று ஓய்வு அறிவிப்பு. முடிந்துவிட்டது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பல்கலைக்கழகத் தலைவர் டி.கே. வெதரெல் யார் தெரியுமா? 1960-களில் அதே கல்லூரியில், துணைக் கோச்சாக இருந்த பவ்டனிடம் ஆடிய பையன்.

அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஸ்டேடியமே எழுந்து நின்றிருக்கும். ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டோம். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

வழியனுப்பும் விழா நடந்தது வேறு ஊரில். 2010 ஜனவரி 1, ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டம். எதிரணி, டல்லஹாசிக்கு வருவதற்கு முன் அவர் கோச்சாக இருந்த வெஸ்ட் வெர்ஜினியா. 84,000 பேருக்கு மேல் கூட்டம், பழைய வீரர்கள் நூற்றுக்கணக்கில் வந்திருந்தார்கள். நானும் நண்பர்களும் காரில் போனோம், இரண்டரை மணி நேரப் பயணம். அன்று அந்த எரியும் ஈட்டியைக் கிழவரே வாங்கி மைதானத்தில் குத்தினார். என் பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாய்விட்டு அழுதார், மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. 33-21 வெற்றி, வீரர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அழகான முடிவுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது டல்லஹாசியில் நடந்திருக்க வேண்டியது.

சரி, இவர்கள் ஏன் தேதி சொல்வதில்லை? வெளியில் இருப்பவர்கள் பதவி ஆசை என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய காரணம், இந்தத் தொழிலின் உயிரே ரெக்ரூட்டிங், அதாவது பள்ளி வீரர்களைத் தன் கல்லூரிக்கு இழுப்பது. கோச் 17 வயதுப் பையனின் வீட்டுக்குப் போய் ஹாலில் உட்காருகிறார். அம்மா கேட்கும் முதல் கேள்வி, "என் பிள்ளை படித்து முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்களா?" என்பதுதான். இரண்டு வருஷத்தில் போய்விடுவேன் என்று உண்மையைச் சொன்னால் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். சொல்லாவிட்டாலும், போட்டிக் கல்லூரிக்காரன் மறுநாள் அதே ஹாலில் உட்கார்ந்து "அவருக்கு வயசாகிவிட்டதே" என்று ஆரம்பிப்பான். அதனால்தான் பல கல்லூரிகள் வயதான கோச்சுக்குக் கூட வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போகின்றன, காகிதத்தில் நான்கைந்து வருஷம் எப்போதும் பாக்கி இருக்க வேண்டும். இதையே வருஷக்கணக்கில் அடுத்தவர் வீட்டு ஹாலில் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர் ஒரு கட்டத்தில் தானே அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், அவரோடு கூடவே வாழ்கிற துணைக் கோச்கள். தலைவர் போனால் புதியவர் தன் ஆட்களோடு வருவார், பழைய துணைக் கோச்களின் குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இருபது வருஷம் கூட இருந்தவனை அப்படி விட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

இன்னொன்று பயம். அலபாமாவின் பேர் பிரயன்ட் 1982 டிசம்பர் 29 அன்று தன் கடைசி ஆட்டத்தை ஜெயித்தார். 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பில் போய்விட்டார். இருபத்தெட்டே நாள். இந்தக் கணக்கு இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொரு கிழவருக்கும் தெரியும். பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

பட்டர்னோ கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 முதல் 2004 வரை ஐந்து சீசனில் நான்கு தோல்வி சீசன். 2004-இல் பல்கலைக்கழகத் தலைவரும் விளையாட்டு இயக்குநரும் அவர் வீட்டுக்கே போய், ஓய்வு பெறுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் அணி 11-1 (11 வெற்றி, 1 தோல்வி), கடைசி ஆட்டத்தில் பவ்டனின் அணியையே மூன்று ஓவர்டைம் ஆடி 26-23 என்று தோற்கடித்தார்கள். அதோடு கேள்வி கேட்க ஆளில்லாமல் போயிற்று. 2011-இல், அவருடைய முன்னாள் துணைக் கோச் சேன்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த வழக்கில் கைதானார். நவம்பர் 9 காலையில் பட்டர்னோ, சீசன் முடிந்ததும் விலகுவதாக அறிவித்தார். அன்று இரவே அறங்காவலர்கள் ஃபோனில் அவரை நீக்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை ஓய்வு வயதுப் பிரச்சினையாகச் சுருக்கக்கூடாது, நான் சுருக்கவும் இல்லை. ஆனால் மேலதிகாரிகள் வீடு தேடிப் போயும் வெறுங்கையோடு திரும்புகிற அளவுக்கு ஒரு மனிதர் வளர்ந்துவிட்டால், அந்த இடத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாரிசை அறிவித்து வைப்பது குறுகிய காலத்துக்கு வேலை செய்யும். ஆரிகனில் 2008 டிசம்பரில் சிப் கெல்லி பெயரை அறிவித்தார்கள், 2009 மார்ச்சில் மைக் பெலோட்டி நாற்காலியைக் கொடுத்துவிட்டார், சுபம். டெக்சஸில் மாக் பிரவுனுக்கு அடுத்து வில் மஸ்சாம்ப் என்று 2008 நவம்பரில் சொன்னார்கள், தேதி சொல்லவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்தவர் 2010 டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்கு ஹெட் கோச்சாகப் போய்விட்டார். பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டுச் சோறு எப்போது என்று சொல்லாவிட்டால் எவ்வளவு நேரம்தான் உட்காருவான்?

எல்லாம் சரியாகச் செய்தும் கெட்டுப்போன இடம் நெப்ராஸ்கா. டாம் ஆஸ்போர்ன் 60 வயதில், 13-0 சீசனோடு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலகினார். தன்னோடு பல வருஷம் இருந்த ஃபிராங்க் சோலிச்சிடம் பொறுப்பைக் கொடுத்தார். சோலிச் ஆறு வருஷத்தில் 58 வெற்றி, 19 தோல்வி. 2003-இல் 9-3 என்று இருக்கும்போது புதிய விளையாட்டு இயக்குநர் அவரை நீக்கினார், ஆஸ்போர்ன் அளவுக்கு இல்லையாம். அடுத்த வருஷமே 5-6, நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பார்க்காத தோல்வி சீசன். கைமாற்றிக் கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை, வாங்கியவர் மேலும் இல்லை. பழையவரின் நிழலில் புதியவரை நிறுத்தி அளந்துபார்த்தவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

இப்போது காலம் இன்னும் கடினம். 2024 ஜனவரி 10 அன்று நிக் சேபன் அலபாமா வீரர்களைக் கூட்டி ஓய்வைச் சொன்னார். கோச் மாறினால் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற 30 நாள் அவகாசம் என்று அப்போது விதி, அதனால் இரண்டே நாளில் கேலன் டீபோரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்படியும் கேலப் டவுன்ஸ் மாதிரி நல்ல ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த விடைபெறல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் லவெல் எட்வர்ட்ஸுடையது. 29 வருஷம் கோச், 1984-இல் தேசியப் பட்டம். 2000 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன்பே, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். ரெக்ரூட்டிங் பாதிக்குமே என்று பதுங்கவில்லை. அணி அந்த வருஷம் சாதாரணமாகத்தான் ஆடியது, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் போகிற இடமெல்லாம் வழியனுப்பு விழாதான், சொந்த ஊரின் கடைசி ஆட்டத்தில் ஸ்டேடியத்துக்கே அவர் பெயரை அறிவித்தார்கள். அடுத்து யூட்டாவில் கடைசி ஆட்டம். நேரம் முடியப்போகிறது, பின்தங்கியிருக்கிறார்கள், நான்காவதும் கடைசியுமான முயற்சி, 13 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிராண்டன் டோமன் வீசினார், ஜோனதன் பிட்மன் பிடித்தார், கொஞ்ச நேரத்தில் டோமனே பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் ஓடினார். 34-27. அவருடைய 257-ஆவது வெற்றி.

பிறகு மனைவியோடு நியூயார்க்குக்குப் போய்த் தன் சபைக்காக ஊழியம் செய்தார், ஸ்டேடியத்துக்குப் பார்வையாளராகவும் வந்துகொண்டிருந்தார். இறந்தது 2016 டிசம்பரில், அந்தக் கடைசி ஆட்டத்துக்கு 16 வருஷம் கழித்து.