ஆலயம்: கேள்வி – பதில்

தூத்துக்குடி வெயிலில் வியர்வைதான் கொட்டும். அங்கே இருக்கும் மாதாவுக்குப் பனிமய மாதா என்று ஏன் பெயர்?

பெயர் ரோமிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டில், கோடை உச்சத்தில், ஆகஸ்ட் 5 அன்று எஸ்குலின் குன்றில் பனி பெய்ததாகவும், பனி விழுந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் மரபு. அதுதான் மேரி மேஜர் பேராலயம். தூத்துக்குடியில் சேசு சபைத் துறவியர் கட்டிய கோயில் 1582இல் அதே ஆகஸ்ட் 5 அன்று அர்ச்சிக்கப்பட்டதால், அதாவது வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டதால், திருநாளின் பெயர் கோயிலோடு ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் சொல்லும் 'தஸ்நேவிஸ் மாதா'வும் அதே பெயர்தான். போர்த்துக்கீசிய மொழியில் 'தாஸ் நேவிஸ்' என்றால் 'பனியின்' என்று பொருள். இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982இல், 400ஆம் ஆண்டில், போப்பாண்டவர் வழங்கும் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி கிடைத்தது.

மாதாவின் சுரூபம் (சிலை) 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். மணிலா ஸ்பானியர் கைக்குப் போனதே 1571இல்தான். ஆகவே அந்த ஆண்டை மரபு என்ற அளவில் எடுத்துக்கொள்வதே சரி.

பனிமய மாதா கோயிலின் பொன் தேரை இந்த ஆகஸ்டில் பார்க்க முடியுமா?

எப்போது வேண்டுமானாலும் ஓடும் தேர் அல்ல அது. பரதவர் தலைவரான பாண்டியபதி தொன் கபிரியேல் செய்வித்து, 1806இல் முதன்முதலாக ஓடியது. அதிலிருந்து 2023 வரை பதினாறு முறைதான் இழுத்திருக்கிறார்கள். 1982, 2007, 2013 எல்லாம் கோயிலின் நிறைவாண்டுகள். 2023 தூத்துக்குடி மறைமாவட்டத்தின், அதாவது ஆயரின் ஆளுகைப் பகுதியின், நூற்றாண்டு. அப்படியொரு காரணம் இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பு வரும். மற்ற ஆண்டுகளில் ஆகஸ்ட் 5 மாலை நடக்கும் சப்பர பவனியைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், தேர் இல்லாத ஆண்டில் ஜூலை 26 கொடியேற்றத்துக்கே வந்துவிடுங்கள். கொடி மேலே ஏறும்போது துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு ஒலிக்கும். இது கடல்காரர்களின் கோயில் என்பது அந்த நொடியில் புரிந்துவிடும்.

பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி இரண்டு முறை போய்வந்தோம், கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

பெரும்பாலும் பதிவு இருக்கும், தேடிய ஏடு வேறாக இருக்கும். இன்று தனிப் பங்காக (தனிப் பங்குத்தந்தை உள்ள கோயில் ஊராக) இருக்கும் ஊர் அன்று கிளை ஊராக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காலத்துப் பதிவுகள் தாய்ப் பங்கில்தான் கிடக்கும். உங்கள் ஊர் எந்த ஆண்டில் தனிப் பங்கானது என்பதை முதலில் விசாரியுங்கள்.

அடுத்த தவறு, பிறந்த தேதியை வைத்துத் தேடுவது. ஏடு ஞானஸ்நான தேதி வரிசையில் போகும். பிறந்த தேதிக்குப் பிந்தைய ஓராண்டையாவது புரட்டுங்கள். பெயரும் ஏமாற்றும். பள்ளிக்கூடத்தில் ராஜா என்றிருப்பவர் ஏட்டில் சவேரியாராக இருப்பார். பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தால் யோவான் 'யோவான்னெஸ்' ஆகியிருப்பார். பிள்ளையின் பெயர் பிடிபடாவிட்டால் தாய் தந்தை பெயரையும், ஞானப்பெற்றோர் பெயரையும் பாருங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமன் அத்தை முறைக்காரர்களாக இருப்பதால் குடும்பம் அங்கே அகப்பட்டுவிடும். ஓரக்குறிப்பை விடாதீர்கள். உறுதிபூசுதல் என்னும் திருவருட்சாதனமும் திருமணமும் அதே வரியின் ஓரத்தில்தான் எழுதப்படும். திருமணம் நடந்த பங்கின் பெயர் அதில் இருந்தால் அடுத்து எங்கே போவது என்று தெரிந்துவிடும்.

ஏடே அழிந்துபோயிருந்தால், ஞானஸ்நானத்தை நேரில் கண்ட நம்பகமான ஒரு சாட்சி போதும் என்கிறது திருச்சபைச் சட்டம். எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லிப் பங்குத்தந்தையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதற்கு ஆயர் இல்லத்தின் அனுமதி வேண்டும்.

கடற்கரையில் உள்ள எங்கள் பழைய கோயில் சுவரில் சிமெண்ட் பூசினோம். இரண்டே ஆண்டில் உப்பிப் பெயர்கிறது. ஏன்?

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்; சிமெண்ட் அதன் வாயை அடைக்கும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்று, பூச்சுக்குப் பின்னால் உவர் படிகமாகித் தள்ளுகிறது. சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுங்கள். ஈரக்கோட்டுக்கு மேலும் ஒரு முழம் எடுத்துவிடுங்கள். சுவரை நன்றாகக் காயவிட்டு, உவரைத் தூரிகையால் உலர்வாகவே கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பிறகு, சில வாரம் நீற்றி வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும் ஆற்றுமணல் மூன்று பங்கும் கலந்து பூசுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக்கூடாது. ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்டபாடெல்லாம் வீண். வெள்ளை வேண்டுமென்றால் சுண்ணாம்பே அடியுங்கள்.