5 அடி 8 அங்குலம் உயரம், 160 பவுண்டு எடை, ரேங்கிங்ல இறங்குற ஓஎச்எல் (ஒன்டாரியோ ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்) ஃபார்வர்டு பையனை, என்எச்எல் (வட அமெரிக்காவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட்ல, அதாவது டீம்ஸ் வரிசையா இளம் ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எடுப்பாங்களா?

எடுப்பாங்க, ஆனா முதல் ரவுண்டுல எதிர்பார்க்காதீங்க. மேட்ச்சுக்கு ஒரு பாயின்ட்டுக்கு (கோல் போட்டாலும், கோலுக்கு உதவினாலும் ஒரு பாயின்ட்) மேல போடுற பையன், 160 பவுண்டுன்னு சொல்றீங்க, ரெண்டாவதுல இருந்து நாலாவது ரவுண்டுக்குள்ள போவான்னுதான் எனக்குத் தோணுது.

ரேங்கிங் இறங்குறதுக்கு உயரம் மட்டும் காரணமா இருக்காது, பெரும்பாலும் ஸ்கேட்டிங்தான். சின்ன உடம்போட வேகமும் சுமாரா இருந்தா ஸ்கவுட்டுங்க (டீமுக்கு ஆள் தேடுறவங்க) உடனே பின்வாங்கிடுவாங்க. 5 அடி 7 அங்குலம் இருக்குற அலெக்ஸ் டிப்ரிங்கட்டையே பாருங்க, ஈரி ஆட்டர்ஸ்ங்கிற ஓஎச்எல் டீம்ல நட்சத்திர ஆட்டக்காரர் கானர் மெக்டேவிட் கூட இருந்த வருஷம் 51 கோல், அவர் போனப்புறமும் அதே 51 கோல், அப்படியும் 2016ல ரெண்டாவது ரவுண்டுல, 39வது ஆளாத்தான் சிகாகோ எடுத்துச்சு, எனக்கு இன்னிக்கும் அது ஆறல. ஆனா கோல் காஃபீல்டுங்கிற ஆட்டக்காரரும் அதே உயரம்தான், 2019ல மான்ட்ரியல் முதல் ரவுண்டுலயே 15வதா எடுத்தாங்க, அதனால உயரம் மட்டுமே முடிவு பண்ணாது.

ஒண்ணு செஞ்சு பாருங்க. அவன் பாயின்ட்ல பவர் ப்ளேல (எதிரணி ஆள் தண்டனையில வெளிய இருக்கும்போது) வந்ததைக் கழிச்சுட்டு மிச்சம் எவ்ளோன்னு எண்ணுங்க. அப்புறம் ரெண்டு மூணு மேட்ச்ல அவன் ஷிஃப்ட் (ஒவ்வொரு தடவையும் பனிக்களத்துல இறங்கி ஆடுற நேரம்) மட்டும் பாருங்க: போர்டு (களத்தைச் சுத்தியிருக்குற தடுப்புச் சுவர்) ஓரமா பெரிய டிஃபென்ஸ்மேன் முதுகுல சாய்ஞ்சு நிக்கும்போது பக் வட்டை (பந்துக்குப் பதிலா ஆடுறது) வச்சுக்கிட்டு வெளிய வர்றானா, கோல் வாசலுக்குள்ள நுழையுறானா, இல்ல ஓரத்துலயே சுத்துறானா. எனக்கு இதுதான் முக்கியம்.

ஆனா பிறந்த தேதியைச் சொல்லலயே நீங்க. டிராஃப்ட் நடக்குற வருஷம் செப்டம்பர் 15க்குள்ள 18 வயசு ஆகணும், 16ம் தேதி பிறந்திருந்தாகூட அடுத்த வருஷ டிராஃப்ட்தான், அப்போ நான் மேல சொன்ன ரவுண்டு கணக்கே மாறும்.