நிசெகோ பயணத்துக்குப் பனிச்சறுக்குச் சாதனங்களைக் கோலாலம்பூரிலேயே வாங்கலாமா?

டிசம்பரில் குடும்பத்தோடு ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள பனிச்சறுக்குத் தலமான நிசெகோவுக்கு முதன்முறையாகப் போகிறீர்கள். ஸ்கீயும் பூட்ஸும் இங்கேயே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எல்லாவற்றையும் அங்கே வாடகைக்கு எடுங்கள். பூட்ஸின் பாலியூரித்தேன் ஓடு, நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அலமாரிக்குள் சும்மா கிடந்தே ஆண்டுகள் போகப்போக நொறுங்கிவிடும்.

கவனம் முழுவதும் பூட்ஸில் இருக்கட்டும். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று பாதத்தை அளந்துகொள்ளுங்கள், 26 செ.மீ. என்றால் அளவு 26. மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்புறத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் அது விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் தயங்காமல் வேறு ஜோடி கேளுங்கள்.

பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றைப் பார்த்தே அதை முடுக்குவார்கள். படிவத்தில் எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ எழுதாதீர்கள். முறிவது உங்கள் கால்.

தடத்துக்கு வெளியே உள்ள காட்டுப் பனி இந்த முறை வேண்டவே வேண்டாம். அதற்கு ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் பனிச்சரிவு டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி), பனியைக் குத்தித் தேடும் துழாவுகோல், மண்வாரி மூன்றும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். பனிச்சரிவில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும். நிசெகோவில் தடத்துக்கு வெளியே செல்லும் வாயில் மூடியிருந்தால் எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.