சேர்ந்து வரும் பேருந்துகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைகளைத் திறம்படத் திட்டமிடக் கணிதத்தைப் பயன்படுத்தும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எனப்படும் செயலாய்வியல் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் அன்றாடம் ஏறும் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்பது கணக்கு. ஆனால் இருபது நிமிடம் ஒன்றுமே வராது, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் வரும். இது ஓட்டுநர்களின் அலட்சியம் அல்லாமல் வேறென்ன? கூடுதல் வண்டி விட்டால் தீரக்கூடிய விஷயத்தில் கணிதத்துக்கு என்ன வேலை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எவருடைய அலட்சியமும் இல்லாமலேயே இது நடக்கும் என்பதை 1964-இலேயே கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரு வண்டி சிக்னலில் ஒரு நிமிடம் சிக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரமாகும். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெருகும். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்றுவதற்கு ஆள் குறைவு என்பதால், ஓட்டுநர் விரட்டாமலேயே அது முன்வண்டியை நெருங்கிவிடும். தாமதம் தாமதத்தையே வளர்க்கும் இந்த அமைப்பு தானாகச் சீராவதில்லை.

மணிக்கு 6 வண்டிகள் சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே 6 வண்டிகள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் 8.2 நிமிடம். வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை; ஆனால் நிறுத்தத்துக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து நிற்கிறார்கள். கூடுதல் வண்டி நெரிசலைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி சுருங்கச் சுருங்க, பின்வண்டி முன்வண்டியைப் பிடிப்பதும் எளிதாகிவிடும்.

படிக்கட்டு வரை நிறைந்த வண்டியின் நடத்துநர் "பின்னாடி வண்டி காலியா வருது, அதுல வாங்க" என்று சொல்லி விசில் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாம் அவரை நம்புவதில்லை. ஆனால் ஏற்றுவதைக் கட்டுப்படுத்தி இடைவெளியை மீட்பது ஆய்வாளர்களும் பரிந்துரைக்கும் வழிகளில் ஒன்று.

இன்னொரு வழி, நெருங்கி வந்துவிட்ட வண்டியை வேண்டுமென்றே நிறுத்திவைப்பது. உள்ளே இருக்கும் நாற்பது பேருக்கு அது எரிச்சலூட்டும். ஆகவே வண்டி ஏறக்குறைய காலியாகவும், இனி வரும் நிறுத்தங்களில் கூட்டம் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். எத்தனை நேரம் நிறுத்துவது என்பதற்கு ஜான் பார்த்தோல்டி, டொனால்ட் ஐசன்ஸ்டைன் ஆகியோர் 2012-இல் வெளியிட்டு, அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகப் பேருந்துகளில் சோதித்த விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதில் அட்டவணையே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்கு வந்த வண்டி, தனக்குப் பின்னால் வரும் வண்டி எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறதோ அதில் ஒரு பங்கு நேரம் காத்திருக்கும். பின்வண்டி அருகில் இருந்தால் சீக்கிரம் கிளம்பும், தொலைவில் இருந்தால் தாமதித்துக் கிளம்பும். இவ்வளவுதான், இடைவெளிகள் தாமாகவே சமனை நோக்கி வந்துவிடுகின்றன.

ஆனால் டைம் கீப்பரின் நோட்டில் புறப்பட்ட நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டிருந்தால் இது நடக்காது. லண்டனில் மணிக்கு 5 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் தடங்களில், பயணிகள் கூடுதலாக எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதைத்தான் அளக்கிறார்கள். வசூலைப் பொறுத்துப் பேட்டா கிடைக்கும் ஏற்பாட்டில், நடுவழியில் மூன்று நிமிடம் நிற்கச் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் ஏன் நிற்க வேண்டும்? அந்த மூன்று நிமிடம் ட்ரிப் முடிந்து அவர்கள் டீ குடிக்கும் நேரத்திலிருந்துதான் போகும். விதியை வகுப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்கும்வரை, ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.