பிரிவினைப் பேச்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி எழுதும்போது, ‘பிரிந்து போகும் பேச்சு தெற்கின் தனிச்சொத்து அல்ல’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வடக்கு ஒற்றுமையின் பக்கம், தெற்கு பிரிவினையின் பக்கம் என்றுதானே படித்திருக்கிறோம்? வடக்கு எப்போது பிரியப் பார்த்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1861-ஐ மட்டும் பார்த்தால் நீங்கள் படித்தது சரி. ஐம்பது வருஷம் பின்னால் போனால் ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள்.

நியூ இங்கிலாந்து, அதாவது பாஸ்டன் நகரை உள்ளடக்கிய வடகிழக்கு மாநிலங்கள், கப்பல் வியாபாரத்தில் பிழைத்த பகுதி. 1807-இல் ஜனாதிபதி ஜெஃபர்சன் வெளிநாட்டு வணிகத்துக்கே தடை போட்டார். பிரிட்டனையும் பிரான்சையும் பணிய வைக்கத்தான் தடை. பட்டினி கிடந்தது பாஸ்டன் துறைமுகம். 1812-இல் அவருக்கு அடுத்த ஜனாதிபதி மேடிசன் பிரிட்டனோடு போருக்கே போய்விட்டார். இருவரும் தெற்கிலுள்ள வர்ஜீனியாவைச் சேர்ந்தவர்கள். போதாக்குறைக்கு, அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கும் விதி அரசியல் சட்டத்திலேயே இருந்தது. ஓட்டே இல்லாத அந்த மனிதர்களைக் காட்டித் தெற்கு நாடாளுமன்றமான காங்கிரசில் கூடுதல் இடங்களை வாங்கிக்கொண்டது. வடக்கின் வயிற்றெரிச்சல் அதில்தான்; அடிமைகள் மேல் வந்த இரக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1814 டிசம்பர் 15 அன்று கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கூடி, நியூ இங்கிலாந்தின் பிரதிநிதிகள் 26 பேர் மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். பிரிந்துவிடலாம் என்ற பேச்சு வெளியே பலமாக இருந்தது. உள்ளே மிதவாதிகள் கை ஓங்கியதால் கோரிக்கைப் பட்டியலோடு நின்றது. ஐந்தில் மூன்று விதி போக வேண்டும். போர் அறிவிக்கவும் புது மாநிலம் சேர்க்கவும் காங்கிரசில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒரே மாநிலத்திலிருந்து அடுத்தடுத்து ஜனாதிபதி வரக்கூடாது. கடைசிக் கோரிக்கை யாரைக் குத்துகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மாசசூசெட்ஸ் தூதர்கள் இந்தப் பட்டியலோடு வாஷிங்டன் போன நேரத்தில், நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஜாக்சன் பிரிட்டிஷ் படையை ஜெயித்த செய்தியும் ஐரோப்பாவின் கெண்ட் நகரில் பிரிட்டனோடு சமாதானம் கையெழுத்தான செய்தியும் வந்து சேர்ந்தன. கொண்டாட்டத்துக்கு நடுவே பட்டியலை நீட்ட அவர்களுக்கு முகமில்லை. ஹார்ட்ஃபோர்டில் கூடியவர்களின் ஃபெடரலிஸ்ட் கட்சி அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மத்திய அரசு வலுவாக வேண்டும் என்று கிளம்பிய கட்சியும் அதுதான்!

இரண்டு பேரைப் பாருங்கள். 1812 போரை முன்னின்று கேட்டவர் தெற்கிலுள்ள தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் கால்ஹூன். அன்று அவர் தேசியவாதி. 1816-இல் உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் இறக்குமதி வரியையும் ஆதரித்தார். நியூ இங்கிலாந்தின் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து காங்கிரசுக்கு வந்த வெப்ஸ்டர் போரையும் எதிர்த்தார், வரியையும் எதிர்த்தார். கட்டாய ராணுவச் சேர்ப்பு வந்தால் மாநிலங்கள் குறுக்கே நிற்க வேண்டும் என்று 1814-இல் பேசியவர் அவர். பிறகு நியூ இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, பருத்தி விற்ற தெற்குக்கு வரி சுமையானது. 1828-இல் வெப்ஸ்டர் வரிக்கு ஓட்டுப் போட்டார். துணை ஜனாதிபதியாக இருந்த கால்ஹூனோ, மத்தியச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாததாக்கலாம் என்று பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தார்.

1830 ஜனவரியில் காங்கிரசின் மேலவையான செனட்டில் தென் கரோலினா உறுப்பினர் ஹேன், ஹார்ட்ஃபோர்டை நினைவூட்டி வெப்ஸ்டரைச் சீண்டினார். ஒற்றுமைக்காக முழங்கிக்கொண்டிருந்த வெப்ஸ்டர் அசரவில்லை. அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைகளை இப்போது நியூ இங்கிலாந்தைவிடத் தெற்கில்தான் அதிகம் படிக்கிறார்கள் போலிருக்கிறது, முன்னுதாரணம் தேடி, என்றார்.